சூடானால் மட்டும் சிதறிய கேம்

விளையாடும்போது திரையில் கன்னாபின்னாவென்று ஏதாவது தெரிந்தால் எல்லாரும் முதலில் சொல்வது "டிரைவரை அப்டேட் பண்ணு" என்பதுதான் (திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர்). அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது, கோளாறு எப்போது வருகிறது என்பது. எனக்கு கேம் தொடங்கி அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடும், அப்புறம் சுவர்களில் சதுரங்கப் பலகை மாதிரி வண்ணக் கட்டங்கள் முளைக்கும், கதாபாத்திரத்தின் தோளிலிருந்து ஒரு முக்கோணம் வானம் வரைக்கும் நீண்டுகொண்டு போகும், கடைசியில் திரை கறுத்து கேமே மூடிவிடும். கணினியை அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி அரை மணி நேரம் பிரச்சினை இல்லை.

காசு செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பித்தேன். கட்டங்கள் தெரியும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஃபோனில் பார்த்தேன். அதிலும் கட்டங்கள் இருந்தன. மானிட்டரோ கேபிளோ கெட்டிருந்தால் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக வந்திருக்கும், ஏனென்றால் படம் கேபிளுக்குள் போவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டுவிடுகிறது.

அடுத்து மென்பொருள் பக்கம். கேம் வாங்கி நிறுவும் ஸ்டீம் செயலியில் கேம் கோப்புகளைச் சரிபார்த்தேன், குறையில்லை. விண்டோஸின் டிஸ்க் கிளீனப் வழியாக, ஷேடர்கள் எனும் காட்சி வரையும் சிறு நிரல்களைத் தொகுத்துச் சேமித்து வைத்திருக்கும் ஷேடர் கேஷை அழித்தேன் (அழித்தபின் முதல் தடவை கேம் திக்கித் திக்கி ஓடும், ஷேடர்களைப் புதிதாகத் தொகுக்கிறது, பயப்பட வேண்டாம்). டிரைவரையும் விடவில்லை. விண்டோஸ் குறைந்தபட்ச நிரல்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் போய், டிடியு எனப்படும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரால் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அந்த நேரத்தில் இணையத்தைத் துண்டித்து வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தானாக ஒரு டிரைவரை நிறுவிவிடும்.

எதிலும் பலன் இல்லை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது என்று 4101 எண்ணுடன் பதிவு வந்துகொண்டே இருந்தது. இதைப் பார்த்து டிரைவர்மேல் பழி போடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு பதில் சொல்ல விண்டோஸ் இயல்பாக 2 வினாடி காத்திருக்கும், வராவிட்டால் டிரைவரை மீட்டமைக்கும், அவ்வளவுதான். கார்டு ஏன் பேசவில்லை என்பதை அந்தப் பதிவு சொல்லாது.

வேறொரு கனமான கேமிலும் அதே கட்டங்கள் வந்ததால் சந்தேகம் கார்டுமேல் திரும்பியது. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை (கணக்குப் போடும் முக்கிய சிப்பின் வேகம்) குறைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. அதைப் பழையபடி விட்டு மெமரி கிளாக்கை மட்டும் 500 மெகாஹெர்ட்ஸ் இறக்கினேன், கட்டங்கள் காணாமல் போய்விட்டன! டெக்ஸ்சர்களும் (பரப்புகளின்மேல் ஒட்டப்படும் படங்கள்) உருவங்களின் முனைப்புள்ளிகளும் இருப்பது கார்டின் மெமரியில்தான். அங்கே தரவு பிசகினால் டெக்ஸ்சர் கட்டங்களாகிறது, ஒரு முனைப்புள்ளி எங்கோ போய் முக்கோணம் நீள்கிறது. கிளாக்கைத் திரும்ப ஏற்றி மெம்டெஸ்ட் வல்கன் என்ற இலவச மெமரி சோதனைக் கருவியை ஓடவிட்டேன். கார்டு குளிர்ந்திருக்கும்போது பிழையே இல்லை, சூடேறியதும் வரிசையாகக் கொட்டியது.

பாகங்களின் சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் பார்த்தால் கோர் 70 டிகிரிதான், மெமரியோ 106. கேம் ஓடும்போது மூலையில் காட்டுவது பெரும்பாலும் கோர் சூட்டை மட்டும்தான், அதைப் பார்த்துவிட்டு சூடு பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கார்டு பழையது, வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது, அதனால் துணிந்து பிரித்தேன். மெமரி சிப்களின்மேல் இருந்த, சூட்டை ஹீட்சிங்க் எனும் உலோகக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேடுகள் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தன. புதுப் பேடு வாங்கும்போது தடிமன்தான் உயிர். மெலிதாக இருந்தால் சிப்பைத் தொடாது, தடித்துப்போனால் ஹீட்சிங்க் கோரில் சரியாக உட்காராமல் அங்கே சூடு ஏறும். அந்த மாடலுக்கு எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்க வேண்டும். கோருக்குத் தெர்மல் பேஸ்ட்டும் புதிதாக வைத்து மூடினேன். மெமரி இப்போது முழு கிளாக்கில் 84ஐத் தாண்டுவதில்லை, மெம்டெஸ்டிலும் பிழை இல்லை, கேம் மணிக்கணக்கில் ஓடுகிறது.

அந்த கேமில் தூரத்துச் சாலைக் கோடுகள் மட்டும் இன்னமும் மினுங்குகின்றன. அது வேறு விஷயம்: இரண்டு பரப்புகள் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருப்பதால் எது முன்னால் என்று தீர்மானிக்க முடியாமல் மாறி மாறி வருவது. எந்தக் கார்டு போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரிதான் வரும். கேமுக்குத் திருத்தம் (பேட்ச்) வந்தால் சரியாகும், அதற்காக யாரும் கார்டைக் கழற்ற வேண்டாம்.