திருகோணமலையில் இருந்துகொண்டு கனடாவில் ஹீட் பம்ப் பூட்டிய கதை

எனக்குத் தொழில் ஏசி. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியும், கடற்காற்று அவுட்டோர் யூனிட்டின் தகடுகளை அரித்துத் தின்றுவிடுவதால் எங்களுக்கு வேலைக்குக் குறைவே வருவதில்லை. பனி கொட்டும் ஊரில் வீட்டைச் சூடாக்குவது பற்றி இப்படிப்பட்டவன் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் அக்கா வீட்டு வேலையை ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை போனில் கூட இருந்து பார்த்தேன், அங்கே சொந்தக்காரர் இருக்கிற நம்மாட்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

2024 கோடையில் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டு ஏசி செத்துப்போனது. அங்கே நம்மூர் போல அறைக்கு ஒன்று இல்லை. பேஸ்மென்டில் கேஸில் எரியும் பேர்னஸ் ஒன்று நிற்கும், அதன் தலையில் ஏசியின் கொயில், பேர்னஸின் காற்றாடிதான் கோடையில் குளிர்காற்றையும் மாரியில் சூட்டுக்காற்றையும் தகரக் குழாய் வழியே வீடு முழுக்கத் தள்ளும். பார்க்க வந்தவர் புது ஏசி போடச் சொல்லிவிட்டுப் போனார். விலை சரியா என்று கேட்கத்தான் அக்கா எனக்குப் போன் எடுத்தா. நான் சொன்னேன், "அக்கா, ஏசி வேணாம், ஹீட் பம்ப் போடுங்கோ. எப்படியும் காசு போகப் போகுது." கோடையில் ஏசியாகவும் மாரியில் வீட்டைச் சூடாக்கவும் ஓடும் ஒரே இயந்திரம்தான் ஹீட் பம்ப்.

அத்தான் பின்னால் இருந்து, "உது குளிருக்கு வேலை செய்யாது தம்பி, −20இல வெளியில எங்க சூடு கிடக்கு எடுக்கிறதுக்கு?" என்றார்.

கிடக்கிறது. இதன் குழாய்க்குள் சுற்றி ஓடும் 410ஏ கேஸ் சாதாரண அழுத்தத்தில் −51 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்கு −20 குளிர்காற்று வெக்கைதான், அந்தக் காற்றிலிருந்தே சூட்டை வாங்கிக்கொள்ளும். அதைக் கொம்பிரசர் அமுக்கினால் வீட்டுக்குள் தள்ளும் அளவுக்குச் சூடாகும். நம்மூர் ஏசி அறைச் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிற அதே வேலைதான் இது. கூடுதலாக இருக்கும் முக்கிய சாமான் கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் நான்கு வழி வால்வு. சாதாரண கரண்ட் ஹீட்டர் ஒரு யூனிட் வாங்கினால் ஒரு யூனிட் சூடுதான் தரும், இது மிதமான குளிரில் மூன்று தரும், −15 பக்கம் போனால் இரண்டளவு. நோர்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இதுதான் ஓடுகிறது. புதிய சரக்கும் இல்லை: 1850களிலேயே ஆஸ்திரியாவில் எபென்சே என்ற ஊரில் உப்பு நீரைக் காய்ச்ச ரிட்டிங்கர் என்பவர் இந்த வழியைக் கையாண்டிருக்கிறார். நிலாவெளி உப்பளத்துக்கு வெயில் சும்மா செய்துகொடுக்கிற வேலையை அங்கே இயந்திரம் வைத்துச் செய்ய வேண்டியிருந்தது.

சரி, அத்தான் பாதி இறங்கி வந்தார். அப்புறம் காசு. 5,000 டொலர் வரை கொடுத்த அரசாங்க உதவி 2024 பெப்ரவரியோடு புதிய ஆட்களுக்கு மூடப்பட்டுவிட்டது. மிச்சமிருந்தது 40,000 டொலர் வரை, பத்து வருடத்தில் திருப்பிக் கட்டும் வட்டியில்லாக் கடன் (அதுவும் 2025 ஒக்டோபரில் மூடியாயிற்று, இனிப் போடுகிறவர்கள் மாகாணத்தில், மின்சாரக் கம்பனியில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்). கடனுக்கு முதலில் வீட்டைச் சோதிக்க ஆள் வர வேண்டும், ஒப்புதல் வர முன்னம் வேலை தொடங்கக் கூடாது, முடிந்த பிறகு திரும்பவும் சோதனை. அதனால் அந்தக் கோடை முழுக்க அக்கா வீட்டில் மேசைக் காற்றாடிதான், கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் கரண்ட் போன நம் வீடு மாதிரி.

அந்தச் சோதனையைத்தான் நான் மறக்க மாட்டேன். அவர்களுக்குக் காலை ஒன்பது, எங்களுக்கு மாலை ஆறரை, வீடியோவில் இருக்கிறேன். முன் கதவைத் திறந்து அந்தச் சட்டத்தில் சிவப்புத் துணி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் பெரிய காற்றாடியை வைத்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சினார்கள். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தா. பிளக் பொயின்ட் ஓட்டைக்குள் இருந்து காற்று ஊதுகிறது! மச்சுக்கு ஏறும் மூடியைச் சுற்றி, பேஸ்மென்ட் சுவரும் மேல் மரமும் சேரும் இடத்தில், எல்லாம் ஊதுகிறது. அத்தான் கையை வைத்து வைத்துப் பார்த்தார், இத்தனை வருடம் வீட்டுக்குள்ளே சூடாக்கிய காற்று எந்த வழியால் போனது என்று அன்றைக்குத்தான் கண்டார். அந்த ஓட்டைகளை அடைத்து மச்சில் இன்சுலேஷன் கூட்டின பிறகுதான் இயந்திரத்தின் அளவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

அளவில்தான் ஏமாற்று இருக்கிறது. நம்மூரில் அறையின் சதுர அடியையும் மேற்கு வெயிலையும் பார்த்து 12,000 பிடியூ (அதுதான் ஒரு டன்), 18,000 பிடியூ என்று ஏசியின் அளவைச் சொல்லிவிடுவோம். அங்கே, கடும் குளிரில் வீடு மணிக்கு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போட வேண்டும், எஃப்280 என்று அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. ஒருவர் கணக்கே போடாமல், பழைய பேர்னஸில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து 5 டன் எழுதிக் கொடுத்தார். கணக்குப் போட்டவர் சொன்னது 3 டன். பெரிசாகப் போட்டால் நல்லதுதானே என்று அக்கா கேட்டா. சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டவர்களைக் கேளுங்கள்: சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரம் போகாது, ஆள் குளிரிலும் பிசுபிசுத்துக்கொண்டு கிடப்பார். சூட்டுக்கும் அப்படித்தான், அடிக்கடி நின்று நின்று எடுத்தால் கொம்பிரசர் ஆயுள் போகும்.

இன்னொன்று. எவ்வளவு சூடு தரும் என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கும் பெரிய எண், வெளியே 8.3 பாகை இருக்கும்போது அளந்தது. 8 பாகைக்கு யாருக்கு வேணும்? −15இல் எவ்வளவு தரும் என்று கேட்கச் சொன்னேன். சிலர் பேச்சை மாற்றினார்கள், அவர்களை விட்டுவிட்டோம். குளிர் நாட்டுக்கென்று எனர்ஜி ஸ்டார் முத்திரை (கரண்டை மிச்சம் பிடிக்கும் சாமான்களுக்குக் கொடுப்பது) வாங்கும் யூனிட் −15இல் அந்த 8.3 பாகை எண்ணில் 70 வீதமாவது தர வேண்டும். அப்படி ஒன்றுதான் எடுத்தோம்.

பூட்டுகிற அன்று எனக்கு இங்கே கையரிப்பு. பையன்கள் சுத்தமாகச் செய்தார்கள். குழாய்க்குள் நைதரசன் அடித்துக் கசிவு பார்த்தார்கள், அப்புறம் வெக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, வெக்குவத்தை அளக்கும் மைக்ரோன் மீற்றர் 500க்குக் கீழே இறங்கி நிற்கும் வரைக்கும் காத்திருந்தார்கள். இங்கே கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு "முடிஞ்சுது அண்ணை" என்கிற ஆட்கள் இதைப் பார்க்க வேண்டும். வெளி யூனிட்டைப் பனி மூடாத உயரத்தில் இரும்புத் தாங்கியில் வைத்தார்கள், கூரைத் தண்ணீர் சொட்டாத பக்கம்.

முதல் மாரியில் ஒரு நாள் விடிய ஐந்தரைக்கு அத்தானின் போன். "தம்பி, மிசின் புகையுது, சத்தமும் மாறிப்போச்சு, நிப்பாட்டவா?" வீடியோவில் பார்த்தால் யூனிட்டைச் சுற்றி வெள்ளை மேகம். வேறொன்றும் இல்லை, வெளிக் கொயிலில் படிந்த உறைபனியைக் கரைக்க வால்வு திரும்பி, கொஞ்ச நேரம் ஏசி மாதிரி ஓடுகிறது. வந்தது நீராவி. பூட்டியவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதே போல, பேர்னஸ் சுடச்சுட ஊதிப் பழகினவர்களுக்கு இதன் காற்று மந்தமாகத் தெரியும், நிற்காமல் ஓடிக்கொண்டும் இருக்கும். அது பழுது இல்லை. இரவில் வெப்பத்தைக் குறைத்துக் காலையில் திடீரென்று கூட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும், மெதுவாக ஓடும்போதுதான் இது கரண்டை மிச்சம் பிடிக்கும்.

பழைய பேர்னஸைக் கழற்றவில்லை. கொயில் அதன் மேலேயே இருப்பதால் பம்பும் பேர்னஸும் ஒரே நேரத்தில் ஓட முடியாது, எந்தக் குளிரில் பம்ப் நின்று பேர்னஸ் எடுக்க வேண்டும் என்று தெர்மோஸ்டாட்டில் ஓர் எண் போட வேண்டும். பூட்டியவர்கள் 0 பாகையில் விட்டுப் போயிருந்தார்கள், அப்படியென்றால் மாரியில் பாதி நாள் பம்ப் சும்மா நிற்கும். −5 போட்டுப் பார்த்தோம், வீடு சூடாகத்தான் இருந்தது, பிறகு −12. அக்கா இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் கேஸ் மலிவு, அதனால் பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன், கேஸ் பில் இறங்க கரண்ட் பில் ஏறியது. எண்ணெயிலோ வெறும் கரண்ட் ஹீட்டரிலோ சூடாக்குகிற வீடென்றால் கதையே வேறு. இப்போது இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மிக மலிவான திட்டத்துக்கு அக்கா மாறியிருக்கிறா. இரவில் −18 வரைக்கும் பம்பை ஓடவிட்டுப் பகலில் −10இல் மாற்றினால் கணக்குச் சரிவரும், ஆனால் அந்தத் தெர்மோஸ்டாட்டில் நாள் முழுக்க ஒரே எண்தான் போடலாம், இரண்டு எண் போட வழியுண்டா என்று கம்பனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.