ஆசாரத்தில் நாலு கிலோ மஞ்சள்

அக்கா மகன் சென்னையில் ஓவியம் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்ததும் வராததுமாக, "நாலு கிலோ மஞ்சத்தூள் வேணுங்க மாமா" என்றான். ஈரோட்டுப் பக்கம் இருந்துகொண்டு மஞ்சள் இல்லையென்று சொல்ல முடியுமா? போன வருடத்து விரலி ஒரு மூட்டை கிடந்தது, மில்லில் அரைத்து வந்தேன். எதற்கென்று கேட்கவில்லை. அதுதான் தப்பு.

ஆசாரத்து நடுவில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஆறடிக்கு ஆறடி சதுரம். காத்தாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, அம்மாவின் மாவுச் சல்லடையால் முட்டி போட்டபடி இரண்டு மணி நேரம் சலித்தான். ஆள் மாற்றி ஆள் தும்மினோம். அப்போதுதான் வோல்ஃப்காங் லைப் கதையைச் சொன்னான். ஜெர்மன்காரர், டாக்டருக்குப் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். பூப்பூவாகப் போய் மகரந்தத்தைத் தானே சேர்ப்பாராம். 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஹேசல் மரத்து மகரந்தத்தை 18க்கு 21 அடி பரப்பில் சலித்துப் போட்டிருக்கிறார். பல வருடச் சேமிப்பு.

"பளிங்குக் கல்லு மேல பால் ஊத்தியும் ஒண்ணு செஞ்சிருக்காருங்க மாமா."

அம்மா அடுப்படியிலிருந்து, "அதுக்கெதுக்குச் சாமி அத்தனை தூரம்? நம்ம கோயில்ல தெனமும் ஊத்தறாங்களே" என்றார்.

ஆனால் ஒன்று. சலித்து முடித்ததும் கதவிடுக்கு வெயில் அதன்மேல் விழுந்தது பாருங்கள், நானும் பேச்சில்லாமல் நின்றுவிட்டேன். மூட்டை மூட்டையாக மஞ்சள் பார்த்தவன்தான்.

வினை மறுநாள் வந்தது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா செருப்பைக் கழற்றி, ஓரத்தில் விரல் தொட்டுத் தாலியில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் இரண்டு போன். "ஏனுங்க, மஞ்சத்தண்ணிச் சீருங்களா? சொல்லவே இல்லீங்களே." எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பெண்பிள்ளைக்கு மூன்று வயது.

அப்புறம் மேலத்தோட்டத்துப் பெரியப்பா. மண்டியில் முப்பது வருடம் மஞ்சள் பார்த்த கை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார், உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார். "நெறம் இருக்குது. வேக்காடு பத்தல" என்றார். மாப்பிள்ளை நோட்டில் குறித்துக்கொண்டான். அவனுடைய வாத்தியார்கள்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லையாம்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிந்து பார்த்தால் சதுரத்தில் ஒரு மூலையைக் காணோம். சாமி மாடத்தில் அருகம்புல்லோடு கொழுகொழுவென்று ஒரு மஞ்சள் பிள்ளையார். மாப்பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று பார்த்தால் சிரிக்கிறான். ஜெர்மனியில் யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் அறை மூலையில் 5 கிலோ வெண்ணெயை அப்பி, 'கொழுப்பு மூலை' என்று பெயர் வைத்திருந்தாராம். 1986இல், அவர் இறந்த சில மாதத்தில், சுத்தம் செய்ய வந்தவர்கள் அழுக்கென்று வழித்துப் போட்டுவிட்டார்கள். வழக்காகி 40,000 மார்க் நஷ்டஈடு.

"நீங்களும் அதே வேலைதான் பண்ணியிருக்கீங்க அம்மாயி."

நஷ்டஈடெல்லாம் அம்மா காதில் ஏறவில்லை. "அஞ்சு கிலோ வெண்ணையவா? உருக்கியிருந்தா நெய்யாச்சும் ஆயிருக்குமே கண்ணு!"

மிச்ச மூன்று மூலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். கூட்டி அள்ளியதில் மூன்றரைக் கிலோ தேறியது. நாலு மாதமாக எங்கள் வாசப்படிக்கு அதுதான். சல்லடைதான் கழுவக் கழுவ மஞ்சள் விடுகிறது. போன வாரம் சுட்ட முறுக்கெல்லாம் நியூயார்க் கலர்.