ரசம் போன கண்ணாடியை மாத்தாதீங்க

எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் கண்ணாடிகளுக்குள் எந்தச் சொந்தமும் கிடையாது. அம்மாயி கல்யாணத்துக்குச் சீராக வந்த தேக்கு நிலைக்கண்ணாடி ஒன்று. எங்கள் சேலத்தில் குகைப் பகுதியில் கடையை மூடிய ஒரு சலூன்காரரிடம் வாங்கிய நீளக் கண்ணாடி ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசிக் கொண்டுவந்தது, தலைப்பக்கம் பூவும் கொடியுமாகச் செதுக்கிய ஒரு விக்டோரியா காலத்து ஸ்டைல். அப்புறம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்த எட்டுமூலை ஆர்ட் டெக்கோ (1920, 30களின் ஸ்டைல்), சட்டமே இல்லாமல் ஓரத்தில் மட்டும் பீச் நிறக் கண்ணாடி ஒட்டியது. இப்படிக் கலந்துகட்டி மாட்டினால் பழைய சாமான் கடை மாதிரி இருக்காதா என்று கேட்பார்கள். இருக்காது, ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால்.

வீடியோக்களில் சொல்லும் யோசனை எல்லாச் சட்டத்துக்கும் ஒரே தங்க நிறப் பெயின்ட் அடி என்பது. தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். சட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே இருக்கும் கண்ணாடி பழசாகவே இருக்க வேண்டும். பழைய கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்காது, கொஞ்சம் மங்கலாக்கி, கொஞ்சம் மஞ்சளோ சாம்பலோ கலந்து தரும். அந்த மங்கல்தான் நாலு ஸ்டைலையும் ஒரே ஹாலில் சேர்த்துவைக்கிறது. ஒன்றில் மட்டும் புதுக் கண்ணாடி போட்டுப் பாருங்கள், அது ஒன்று மட்டும் பளீரென்று தனியாகத் தெரியும், மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியும்.

ஆனால் நம் ஊரில் யாரிடம் கொண்டுபோனாலும் முதல் பேச்சே இதுதான்: "ரசம் போயிருச்சுங்க, இதைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு வெட்டிப் போட்டுர்லாம்ங்க, சட்டம் தாங்க மதிப்பு." ஆசாரி அண்ணன் நல்ல மனசோடுதான் சொல்வார். அத்தைக்கு வேறு கவலை: "ஏங்கண்ணு, அதுல மூஞ்சியே தெரியல, அதைப் போயி நடு ஹால்ல மாட்டி வெச்சிருக்கியே!" மூஞ்சி பார்க்கத்தான் பாத்ரூமில் ஒன்று இருக்கிறதே அத்தை.

கண்ணாடிக்குப் பின்னால் பூசும் அந்த ரசத்துக்கு இரண்டு தலைமுறை உண்டு. முதலாவது நிஜமாகவே பாதரசம். வெள்ளீயத் தகட்டை மட்டமாக விரித்து, மேலே பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை வைத்து அழுத்துவார்கள். 16ஆம் நூற்றாண்டிலிருந்து வெனிஸ்காரர்கள் பேர் வாங்கியது இந்த முறையில்தான், வேலை செய்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்ததும் இதனால்தான். 1835ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடி மேல் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனாலும் பாதரச முறை முழுசாக ஓய 1900 வாக்கில் ஆகிவிட்டது. அதனால் நம் கையில் கிடைக்கும் பெரும்பாலான பழசு வெள்ளி பூசியதுதான், சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசாகிற அதே வெள்ளி, கறுப்பதும் அதே மாதிரிதான்.

பின்பலகையைக் கழற்றினால் எது எது என்று தெரிந்துவிடும். செங்கல் நிறத்திலோ பழுப்பாகவோ பெயின்ட் இருந்தால் வெள்ளி. பெயின்டே இல்லாமல் வெறும் ஈயச் சாம்பல் பளபளப்பு இருந்தால் பாதரசமாக இருக்கலாம், அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. கீழ்ச்சட்டத்தில் வெள்ளி மணிபோலச் சின்ன உருண்டைகள் உருண்டால் விளக்குமாறு போடாதீர்கள், வேக்யூம் கிளீனரும் வேண்டாம், சிதறி ஆவியாகும். அப்படிப்பட்ட கண்ணாடி குழந்தைகள் அறைக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரருக்கு எல்லாமே பெல்ஜியம் கண்ணாடி. பெல்ஜியம் என்று சொன்னால் விலை ஏறும், அவ்வளவுதான். நான் பார்ப்பது வேறு. கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையை மெதுவாக அசைத்து, பிம்பத்தில் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பி நெளிந்தால் நல்ல சகுனம். 1959ல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி ஃப்ளோட் முறையை, அதாவது உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் முறையை அறிவித்தது, அதில் வார்க்கிற கண்ணாடியில் இந்த நெளிவு இருக்காது. நெளியாததால் மட்டும் புதுசு என்று முடிவு கட்டவும் முடியாது, நல்ல சலூன் கண்ணாடிகளை அந்தக் காலத்திலேயே தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள். அடுத்தது ஓரச் சரிவு, அதாவது பெவல். பழைய கைவேலையில் அது அகலமாக, லேசாக இருக்கும், விரலால் தடவினால் எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடாது. புது மெஷின் வேலையில் விளிம்பு விரலில் தட்டும். கறுப்புப் புள்ளி ஓரங்களிலும் கீழ்ப்பக்கமும்தான் அதிகம் இருக்க வேண்டும், ஈரம் தங்குமிடம் அதுதானே. நடுவில் சீராகத் தெளித்தாற்போல் இருந்தால் யாரோ ஆசிட் வைத்து வயசாக்கியிருக்கிறார்கள்.

இனி எங்கே மாட்டுவது. அந்தப் பூவேலைக் கண்ணாடி குளிர்நாட்டில் கணப்புக்கு மேலே மாட்டுவதற்கென்று செய்த ஸ்டைல். ஏற்காட்டுப் பழைய பங்களாக்களில் கணப்பு இன்னும் பார்க்கலாம், சேலத்தில் யாருக்குக் கணப்பு? தாழ்வான பீரோ அல்லது பெஞ்சுக்கு மேலே மாட்டினால் அதே கம்பீரம் வரும். சேலத்துக்கு இன்னொன்று முக்கியம்: மேற்கு ஜன்னலுக்கு எதிரே எந்தக் கண்ணாடியும் வேண்டாம், சித்திரை வெயில் நாலு மணிக்கு எதிர்ச்சுவரையும் சேர்த்துச் சுடும். வடக்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டுங்கள், நாள் முழுக்க நிதானமான வெளிச்சம். நீளமான சலூன் கண்ணாடியை இருட்டு நடையில் பக்கவாட்டில் மாட்டினால் நடை இரண்டு மடங்கு அகலமாகும், ஆனால் அதற்கு எதிரே ஸ்விட்ச்போர்டோ செருப்பு ஸ்டாண்டோ இருந்தால் அதுவும் இரண்டாகும்.

அம்மாயியின் நிலைக்கண்ணாடியைச் சுவரில் ஏற்றவில்லை. சித்திரை ஒன்று அன்று அதன் முன்னால்தான் கனி வைப்போம், மாம்பழமும் நகையும் அந்த மங்கலில் பார்க்க இன்னும் நன்றாயிருக்கும்.

மலைமேல் வீடு இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. ஏற்காட்டுப் பனி வெளிச்சுவருக்குள் இறங்கும், சுவரோடு ஒட்டி மாட்டினால் மழைக்காலம் முடிவதற்குள் ஓரம் கறுக்க ஆரம்பிக்கும். உள்சுவரில் மாட்டி, நாலு மூலைக்கும் பின்னால் கார்க் துண்டு வைத்துக் காற்றுப் போக வழி விடுங்கள். துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். அமோனியா கலந்த ஸ்ப்ரேயை நேரே அடித்தால் அது வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி வெள்ளியைத் தின்னும்.

கனத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. மூன்றடிக்கு நாலடி, 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 14 கிலோ வரும், தேக்குச் சட்டம் தனி. பூச்சில் அடித்த ஒரே ஆணியை நம்பாமல், செங்கல் வரைக்கும் துளைத்து இரண்டு இடத்தில் தாங்கல் கொடுங்கள். ஏற்காட்டிலிருந்து இறக்குவதாக இருந்தால் வண்டியில் படுக்கவைக்கவே கூடாது. நிமிர்த்தி, இரண்டு பக்கமும் பழைய ஜமுக்காளம் வைத்து, பக்கச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். படுக்கவைத்தால் 20 கொண்டை ஊசி வளைவும் அதன் நடுவில்தான் குலுக்கும், டிரைவர் அண்ணனிடம் எத்தனை தடவை மெதுவாப் போங்க என்று சொன்னாலும்.