கீழாநெல்லி ஆய்வில் போன எட்டு மாதங்கள்

கீழாநெல்லியின் சேர்மங்கள் கல்லீரல் செல்களைக் காக்கின்றனவா என்று பார்த்த எங்கள் ஆய்வுக் கட்டுரை, ஆய்விதழிலிருந்து இரண்டு கேள்விகளோடு திரும்பி வந்தது. செடியின் சான்று மாதிரி எண், அதாவது இனத்தை உறுதி செய்து தாவரக் காப்பகத்தில் வைக்கும் உலர் மாதிரியின் எண், என்ன என்பது ஒன்று. செல்கள் உயிரோடு உள்ளனவா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் எம்டிடி சோதனையை, ஆய்வுத் தட்டில் செல்கள் இல்லாத குழிகளிலும் செய்து பார்த்தீர்களா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை. விடை தேடி முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. சாறு எடுத்ததும் கரைப்பான்களால் பிரித்ததும் தொல்லையின்றி நடந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் சான்று மாதிரி. நாங்கள் பயன்படுத்தியது விலைக்கு வாங்கிய உலர்ந்த கட்டு; அதையும் முழுவதுமாகப் பொடித்துவிட்டிருந்தோம். மிச்சமிருந்த பொடியோடு உலர் தாவரக் காப்பகத்துக்குப் போனபோது, பொடிக்குப் பெயர் எழுதித் தர முடியாது என்று பொறுப்பாளர் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்காமல் திரும்பினேன். அடுத்த முறை செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்திக் கொண்டுபோனேன். அதில் பூ இல்லை. அந்தப் பயணமும் வீண். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் பல இனங்கள் கலந்து விற்கப்படுகின்றன. ஃபில்லாந்தஸ் அமாரஸின் பூவில் ஐந்து இதழ்கள் இருக்கும், அதை ஒத்த ஃபில்லாந்தஸ் ஃபிராட்டெர்னஸில் ஆறு இருக்கும், உருப்பெருக்கி இல்லாமல் அவற்றை எண்ணவும் முடியாது என்பதெல்லாம் மூன்றாவது முறை பூவும் காயும் வேரும் உள்ள செடியோடு போனபோதுதான் எனக்கு விளங்கியது.

அப்போது கோபப்பட்டேன். ஆனால் பொறுப்பாளரின் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. 1988இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுள் கீழாநெல்லி உட்கொண்ட 59 விழுக்காட்டினரின் இரத்தத்திலிருந்து அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. பின்னர் வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை; எல்லோரும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்ற கேள்வியும் அதன்பின் எழுந்தது. ஃபில்லாந்தின் என்ற சேர்மம் அமாரஸில் நிறைய உண்டு, நெருங்கிய இனங்கள் பலவற்றில் மிகக் குறைவு. ஆகவே பெயர் உறுதியாகாத பொடியில் கிடைத்த முடிவுகளை முழுவதும் ஒதுக்கிவிட்டு, எண் பெற்ற செடியிலிருந்து சாற்றைப் புதிதாக எடுத்தேன்.

இரண்டாவது கேள்விதான் அதிகம் வலித்தது. எம்டிடி மஞ்சள் நிறச் சாயம். உயிருள்ள செல்கள் அதை ஒடுக்கி (எலக்ட்ரான் கொடுத்து) ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். செல்களைச் சிதைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிய பிறகும் சாறு சேர்த்த குழிகள் நன்றாக ஊதாவானதால், செல்கள் பிழைத்துக்கொண்டன என்று எழுதியிருந்தோம். கேள்வி வந்தபின், 96 குழித் தட்டின் ஒரு வரிசையில் செல்களே இல்லாமல் வளர்ப்பு ஊடகத்தையும் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டு அடைகாப்பியில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, சாற்றின் அடர்த்தி கூடக்கூட அந்த வெற்றுக் குழிகளும் படிப்படியாக ஊதாவாகியிருந்தன. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கீழாநெல்லியின் டானின்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்கள் வலிமையான ஒடுக்கிகள். சாயத்தை மாற்ற அவற்றுக்குச் செல்கள் தேவையில்லை. போதாததற்கு, பெராக்சைடையும் சாற்றையும் ஒரே நேரத்தில் விட்டிருந்தோம். பெராக்சைடின் ஒரு பகுதி செல்லைத் தொடும் முன்பே ஊடகத்தில் சாற்றோடு வினைபுரிந்து செலவாகியிருக்கக்கூடும்.

இந்த வேலையில் இறங்குபவர்கள், சாயம் விடும் முன் சாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு பாஸ்பேட் உப்புக் கரைசலால் இரண்டு முறையாவது கழுவுங்கள். பெராக்சைடு விடும் முன்பும் அப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு அடர்த்திக்கும் செல் இல்லாத குழி ஒன்று இருக்கட்டும். முடிவை, செல் புரதத்தோடு ஒட்டும் சல்ஃபோரோடமின் பி சாயத்தாலும் சரிபாருங்கள். ஒடுக்கும் சேர்மங்கள் அதை எம்டிடி போல ஏமாற்றுவதில்லை.

இப்படித் திரும்பச் செய்தபோது, சாற்றில் டானின் மிகுந்த, நீரில் கரைந்த பகுதி காட்டிய பாதுகாப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. முதல் கட்டுரையில் ஒரு வரியோடு நாங்கள் கடந்துபோயிருந்த, ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைந்த பகுதியில் மட்டும் மிதமான பாதுகாப்பு நிலைத்து நின்றது. ஃபில்லாந்தின் அந்தப் பகுதியில்தான் சேர்கிறது. டானின்களை ஒடுக்கிகளாக்கும் கட்டற்ற ஃபீனால் தொகுதி ஃபில்லாந்தினில் கிடையாது, எனவே சாயத்தைத் தானாக மாற்றியிருக்கும் என்ற ஐயத்துக்கும் இடம் குறைவு. அதை நிறப்பகுப்பு நிரலில் பிரித்து, தூய்மையைச் சோதிக்கும் மெல்லேட்டுத் தகட்டில் ஒற்றைப் புள்ளியாகப் பார்த்த அன்று மனம் நிறைந்திருந்தது.

கட்டுரை சென்ற வாரம் ஏற்கப்பட்டது. முன்பைவிடச் சிறிய முடிவோடு, செய்முறைப் பகுதியின் முதல் வரியில் சான்று மாதிரி எண்ணோடு.