நேர்ந்துகொண்டவர் ஷார்ஜாவில், ஜோடனை பார்த்தது நாங்கள்

"அம்மாவுக்குக் கண் தெரியட்டும் தாயே, கிறிஸ்துமஸுக்கு எல்லாக் கோயில் ஜோடனையும் காட்டிட்டு உன்கிட்ட கொண்டுவந்து நிறுத்துறேன்" என்று என் வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டது ஷார்ஜாவில், வேலை நடந்துகொண்டிருந்த ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில். அத்தைக்கு அப்போது வலது கண்ணில் ரத்தக் கசிவு, இடது கண்ணில் முற்றிப்போன புரை. சர்க்கரை 22 வருஷமாக. பாதிப் பார்வை வந்தாலே லாபம் என்றுதான் கண் டாக்டர் சொல்லியிருந்தார். ஏப்ரலில் ஒரு கண், ஜூலையில் மறு கண். ஆகஸ்டில் ஒரு நாள் காலை காபி கொடுக்கப் போனபோது அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்து, "என்னம்மா, இப்படி நரைச்சுப் போயிட்ட?" என்றார். வேளாங்கண்ணி மாதா செய்த புதுமைக்கு அதுதான் முதல் சாட்சி. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டம்ளரோடு நின்றேன்.

பார்வை வந்த பிறகு மாதாவுக்குக் கடன் வைக்கக் கூடாது. இவருக்கோ டிசம்பரில் லீவு கிடைக்கவில்லை. சரி, நேர்ந்துகொண்டது அவர், நிறைவேற்றுவது நான் என்று ஆனது. எங்கள் வீட்டில் பல காரியம் இப்படித்தான்.

அத்தைதான் இழுத்தடித்தார். "செப்டம்பர் எட்டாம் தேதிக்குத்தான் வருஷா வருஷம் போறோமே, கிறிஸ்துமஸுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம்? பனி வேற." எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே பதில். பனிக்குத்தான் பயப்படுகிறார் என்று நானும் நினைத்திருந்தேன். மகன் போனில் தழுதழுத்ததும் ஒத்துக்கொண்டார். பெரிய கடைவீதியில் ஒரு ஜோடி வெள்ளிக் கண் வாங்கி, கைக்குட்டையில் முடிந்து, ஜெபமாலை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

22ஆம் தேதி ராத்திரி திருச்சியைச் சுற்றினோம். ஜோடனை பார்க்க நினைப்பவர்கள் 20ஆம் தேதிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் போனால் ஏணியையும் சவுக்குக் கம்பையும்தான் பார்க்கலாம். முதலில் எங்கள் பாலக்கரை சகாய மாதா கோயில். புதன்கிழமை நவநாளுக்குத் தவறாமல் போகிற கோயில்தான், ஆனாலும் அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோபுரத்தின் விளிம்பெல்லாம் சீரியல் செட் ஓடிக்கொண்டிருந்தது. "போன வருஷம் இதெல்லாம் இலவம்பஞ்சு வெடிச்ச மாதிரிதாம்மா தெரிஞ்சுச்சு. இப்ப ஒவ்வொரு பல்பும் தனித்தனியா நிக்குது" என்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்வரை நகரவில்லை.

மேலப்புதூர் மரியன்னை பேராலயத்தில் குடில் இன்னும் முடியவில்லை. இளைஞர்கள் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். கன்டோன்மென்ட் பக்கம், 1826-ல் இறந்த பிஷப் ஹீபரை அடக்கம் செய்திருக்கும் யோவான் கோயிலைப் போகிறபோக்கில் பார்த்தோம். அப்புறம் தெப்பக்குளம். மெயின்கார்டு கேட்டிலிருந்து என்.எஸ்.பி. ரோடு வரை ஜவுளிக் கூட்டம், போதாததற்கு ஸ்ரீரங்கம் ஏகாதசிக்கு வந்தவர்கள் வேறு. ஆட்டோ ஒரு பர்லாங்கு போக அரை மணி நேரம். இறங்கி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊக்கு விற்பவன், பலூன் விற்பவன், போகிற வருகிறவர்களையெல்லாம் இழுத்துக் கடைக்குள் தள்ளும் ஆட்கள் எல்லாரையும் கடந்து லூர்து மாதா கோயிலுக்கு வந்தால், அந்த ஊசிக் கோபுரம் அடி முதல் நுனி வரை எரிகிறது. திரும்பினால் மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார் கோயில் விளக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கிற பாக்கியம் திருச்சிக்காரர்களுக்கு மட்டும்தான்.

கோயிலை ஒட்டிய புனித வளனார் கல்லூரியில்தான் இவர் படித்தார். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது. கல்லூரி வந்த வழியில் நாம் திரும்பிப் போகிறோம் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. சீரியல் செட் எல்லாம் நீலமும் வெள்ளையுமாக ஆகிவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நீலம் பிடிக்கவில்லைதான். "அந்தக் காலத்துல மஞ்ச பல்பு. ஒண்ணு போனா வரிசையே அவிஞ்சிடும். பசங்க ஏணியில ஏறி ஒவ்வொண்ணா திருகிப் பார்ப்பானுங்க. நாங்க கீழ நின்னு 'இதில்ல, அடுத்தது'ன்னு கத்துவோம்."

மறுநாள் பூண்டி. காரோட்டி வந்த தம்பி மாலை போட்டிருந்தார், கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம். அத்தை அவரை வழி முழுக்க "சாமி" என்றே கூப்பிட்டார். வீரமாமுனிவர் எழுப்பிய கோயில், 1999-ல் பசிலிக்கா ஆனது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது ஊர் அமைதியாக இருந்தது. கொள்ளிடக் காற்றில் தோரணம் படபடக்கிறது, முகப்பில் மட்டும் விளக்கு, சுற்றிலும் இருட்டு. லூர்து சேவியர் சாமியார் கல்லறையில் அத்தை நெற்றியை வைத்து வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. ஜோடனை என்று பார்த்தால் திருச்சியில் பாதிகூட இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. ராத்திரி அங்கேயே தங்கினோம்.

24ஆம் தேதி மதியம் கிளம்பினோம். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குள் 1779-ல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய கோயிலையும், திரு இருதயப் பேராலயத்தையும் பார்த்தோம். பட்டப்பகலில் சீரியல் செட்டைப் பார்ப்பது கொடியில் துணி இல்லாமல் கயிற்றை மட்டும் பார்ப்பது மாதிரி. மழை வேறு பிடித்துக்கொண்டது. நீடாமங்கலம் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம். வேர்க்கடலை விற்கிற பையன் மூன்று தடவை வந்து போனான். அத்தை ஒரு ஜெபமாலையைச் சொல்லி முடித்து, இரண்டாவதையும் தொடங்கிவிட்டார். சாமி இறங்கிப்போய் டீ வாங்கி வந்தார்.

திருவாரூர் தாண்டும்போது இருட்டிவிட்டது. இந்தப் பயணத்தில் நான் பார்த்த நல்ல ஜோடனை எது என்று கேட்டால் அதற்கப்புறம் வந்ததுதான். கதிர் விட்ட சம்பா வயல், வரப்பு ஓரத்தில் தண்ணீர், அதற்கு நடுவில் எங்கோ ஒரு கூரை வீட்டு வாசலில் மூங்கில் சிம்பில் கலர் பேப்பர் ஒட்டிய ஸ்டார், மழைக்குப் பாலித்தீன் பை மாட்டியிருக்கிறது. உள்ளே ஒரே ஒரு பல்பு. தண்ணீரில் இன்னொரு ஸ்டார். சின்னச் சின்னக் கோயில்களில் டியூப்லைட்டுக்குப் பச்சையும் சிவப்புமாகக் காகிதம் சுற்றி நட்டிருந்தார்கள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். "பதினொண்ணு... அதோ தோப்புக்குள்ள, பன்னெண்டு." நாகப்பட்டினம் வருவதற்குள் 37. சாமியும் சேர்ந்துகொண்டு இடது பக்கத்தை அவர் எண்ணினார். அத்தைக்குத் தெரிந்த இரண்டு ஸ்டார் எனக்குத் தெரியவில்லை. தாயே, உனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்!

வேளாங்கண்ணி வளைவுக்குள் நுழைந்ததுமே ரூம் புரோக்கர்கள் கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு கூடவே ஓடிவந்தார்கள். முன்பணம் கட்டி வைத்திருந்த விடுதியில் ரூம் இன்னும் காலியாகவில்லை, மேல்மாடியில் வேறு இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கூட என்றார்கள். 74 வயசு அம்மாவைப் படியேறச் சொல்கிறீர்களா என்று சண்டை போட்டுக் கீழேயே வாங்கினேன். மாதா கோயிலுக்குப் போகிற வழி நெடுக மெழுகுவத்தி, மாலை, தேங்காய், தகரத்தில் அடித்த கை, கால், கண். "வெள்ளிக் கண்ணும்மா, நூறு ரூபாதான்." எங்களிடம் இருக்கிறது என்றாலும் விடவில்லை. அத்தை அதில் ஒரு கடையில் நின்று மெழுகுவத்தி வாங்கினார். ஒன்றல்ல, ஐந்து. பெரிய அளவில். சொன்ன விலைக்கே. எங்கள் நேர்ச்சையில் மெழுகுவத்தி கிடையாது. எதற்கு ஐந்து என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

வரிசை இரண்டு மணி நேரம். தெலுங்கும் மலையாளமும் கொங்கணியும் காதில் விழுந்தன. ஒரு கைக்குழந்தை என் தோளில் இருந்த சால்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. பசிலிக்காவின் வெள்ளைக் கோபுரங்களில் ஒவ்வொரு நிறமாக மாறி மாறி எரிய, வரிசையில் நிற்பவர்களின் முகமும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பீடத்தை நெருங்கியதும் பின்னாலிருந்து தள்ளு. நான் கையை விரித்து அத்தைக்கு ஒரு அடி இடம் பிடித்துக் கொடுத்தேன்.

மாதா பட்டுச் சேலையில் இருந்தாள். கையில் பாலன். செப்டம்பரில் எல்லாம் நான்தான் அத்தை காதில் சொல்வேன், இன்றைக்கு என்ன நிறச் சேலை, என்ன மாலை என்று. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அத்தை பார்த்தார். சேலையின் சரிகையைப் பார்த்தார், கிரீடத்தைப் பார்த்தார், பாலனின் சின்ன விரலைப் பார்த்தார். ஒரு வார்த்தை ஜெபம் சொல்லவில்லை. கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கக் கை நடுங்கியது, நான் அவிழ்த்துக் கொடுத்தேன். வெள்ளிக் கண்ணைப் போட்டுவிட்டு, "நகருங்க, நகருங்க" என்று வாலண்டியர் பையன் சொன்னபோது, அத்தை அவனிடம், "நான் பார்த்துக்கிட்டு இருக்கேன் தம்பி" என்றார். அவன் என்ன நினைத்தானோ, கையை எடுத்துவிட்டான். அரை நிமிஷம் இருக்கும். எனக்கு அங்கே கேட்க எவ்வளவோ இருந்தது, மகளின் கல்யாணம், வீட்டுக் கடன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து ஐந்து மெழுகுவத்தியையும் அத்தையே ஏற்றினார். கடல் காற்றில் இரண்டு அணைந்தன. மறுபடி ஏற்றினார். ஐந்தும் சேர்ந்து எரியும்வரை அங்கிருந்து வரவில்லை.

விண்மீன் ஆலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி. உட்கார இடமில்லை, வெளியே பாய் விரித்துக்கொண்டோம். மணியெல்லாம் ஒன்றாக அடித்து, "உன்னதங்களிலே இறைவனுக்கு மாட்சிமை" பாடும்போது குழந்தை இயேசு சொரூபத்தைக் குடிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் இவருக்கு வீடியோ காலில் காட்டினேன். படம் நின்று நின்று வந்ததாம், மனுஷன் அப்படியும் அழுதுவிட்டார்.

பூசை முடிந்து, வாங்கிய கேக்கைப் பிட்டுக்கொண்டே அத்தை சொன்னார். 2004 கிறிஸ்துமஸுக்கு மாமா, அத்தை, என் நாத்தனார் மூவரும் இங்கேதான் இருந்தார்கள். பக்கத்து ரூமில் ஒரு தெலுங்குக் குடும்பம், ஐந்து பேர். பாஷை தெரியாது. அந்த அம்மா எள்ளுருண்டை கொடுத்தார், அத்தை முறுக்கு கொடுத்தார். 25ஆம் தேதி சாயங்காலம் நாத்தனாருக்குக் காய்ச்சல். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்ற மாமாவோடு சண்டை போட்டு, அத்தை ராத்திரி பஸ்ஸில் எல்லாரையும் கிளப்பிவிட்டார். தெலுங்கு அம்மா, நாங்கள் நாளைக்குக் கடலில் குளித்துவிட்டுத்தான் போவோம் என்று கையால் தலைக்கு ஊற்றிக் காட்டிச் சிரித்தாராம். 26, ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போன காலை.

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. இருக்காங்களா, இல்லையான்னும் தெரியாது. நமக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலைக் குடுத்து மாதா காப்பாத்துனான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் எப்படிம்மா அப்படிச் சொல்றது? அவங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வரலையே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

"உசுரோட இருந்தா அவங்க சுகத்துக்கு. இல்லேன்னா இளைப்பாற்றிக்கு. மாதாவுக்குத் தெரியும்ல, எதுக்குன்னு." கேக் துணுக்கை வாயில் போட்டுக்கொண்டு, "26ஆம் தேதியும் இருந்துட்டுப் போவோமா?" என்றார்.

விடுதியில் மறுபடி சண்டை, மறுபடி ஆயிரம் ரூபாய். சாமிக்கு வேறு சவாரி இருந்தது, போனில் பேசி மாற்றிக்கொண்டார். 25ஆம் தேதி எங்களுக்குப் பிரியாணி, அவருக்குத் தயிர்சாதம்.

26ஆம் தேதி காலை சுனாமி நினைவிடத்தில் பிரார்த்தனை நடந்தது. எல்லா மதத்தவரும் வந்திருந்தார்கள். அத்தை கூட்டத்துக்குள் போகவில்லை. கடைகளுக்கு நடுவில் கடற்கரையைப் பார்த்து நடந்தார். குதிரைக்காரன் ஒருவன், போட்டோக்காரன் ஒருவன், இருவரையும் விரட்டினேன். அலை அவ்வளவாக இல்லை. ஈர மணல் வந்ததும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தச் செருப்பைக் கொஞ்சம் பிடி" என்றார்.