பென்னியின் செம்புத் தோல் முழுசாக உரிந்து வந்துவிட்டது

லிங்கன் முகம் கிழியாமல் ஒரு பென்னியின் (அமெரிக்க ஒரு சென்ட் நாணயம்) செம்புத் தோலை மட்டும் தனியாக எடுத்தாகிவிட்டது! உள்ளே இருந்த துத்தநாகம் அமிலத்தில் கரைந்துபோய், இரண்டு பக்கமும் விளிம்போடு ஒட்டியபடி வெறும் கூடாக நிற்கிறது. வெங்காயச் சருகு கனம்தான்.

பென்னி என்றால் செம்பு என்றே இன்னமும் பலர் நம்புகிறார்கள். அமெரிக்க பென்னி 1982-லேயே மாறிவிட்டது. முன்பு 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். இப்போது 97.5 சதவீதம் துத்தநாகம், 2.5 கிராம். கணக்குப் போட்டால் ஒரு பென்னியில் செம்பு 62 மில்லிகிராம்தான் தேறும். வெள்ளையாக மின்னும் ஐந்து சென்ட் ‘நிக்கல்’ நாணயத்திலோ 3.75 கிராம் செம்பு இருக்கிறது.

வித்தை எல்லாம் அரம் போடுவதில்தான். தட்டை அரம் வேண்டவே வேண்டாம். விளிம்பு முழுக்கத் தேய்ந்து தோல் இரண்டு தகடாகப் பிரிந்துவிடும். மெல்லிய முக்கோண அரத்தால் விளிம்பில் மூன்று நான்கு இடத்தில் கீறி, சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். நாணயத்தைப் படுக்க வைக்காமல் கண்ணாடிக் குவளையின் பக்கச்சுவரில் சாய்த்து வையுங்கள். ஒரு கீறல் மேலே இருந்தால் ஹைட்ரஜன் அதன் வழியே வெளியேறும், கீழ்க்கீறல் வழியே அமிலம் உள்ளே போகும். குமிழி நின்றபின் பிளாஸ்டிக் கரண்டியால் ஏந்தி, கிண்ணத்துத் தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் காட்டினால் போச்சு. உள்ளே கொஞ்சம் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும்: துத்தநாகத்தோடு கலந்திருந்த 0.8 சதவீதச் செம்பு அது.

நீச்சல்குளத்துக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும். தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். வெட்டவெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வியாபாரி ‘1943 செம்பு பென்னி’ என்று ஒன்றை என்னிடம் தள்ளப் பார்த்தார். காந்தத்தை நீட்டினேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அதை வெள்ளி என்று நினைப்பவர்களும் உண்டு. அதன்மேல் செம்பு முலாம் போட்டு விற்பது பழைய மோசடி. தவறுதலாக வெண்கலத்தில் விழுந்த அசல் 1943 காசுகள் மிகச் சிலவே, அவை காந்தத்தில் ஒட்டாது.

கூட்டை ரெசினில் பதிக்கும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் மனம் 1982 காசுகளுக்குப் போய்விட்டது. அந்த வருடம் இரண்டு உலோகத்திலும் அடித்ததால் தராசில் போட்டால்தான் எது எது என்று தெரியும். 2025 நவம்பரோடு புழக்கத்துக்குப் பென்னி அடிப்பதே நின்றுவிட்டது, வங்கியில் ரோல் (காகிதத்தில் சுற்றிய காசுக் கட்டு) கிடைத்தால் வாங்கி வையுங்கள். அப்புறம் பிரிட்டிஷ் பென்னி. 1992 முதல் அது செம்பு பூசிய எஃகு. எஃகும் இதே அமிலத்தில் கரையும் என்பதால் அடுத்த கீறல் அதில்தான்.