மேக்காத்தும் ஒரு மஞ்சப் பந்தும்

ஜூன் 19

பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) கோர்ட்டுக்கு மூன்று முறை சுண்ணாம்புத் தூள் போட்டாச்சு. போட்ட அரை மணி நேரத்தில் காத்து வழித்துக்கொண்டு போய்விடுகிறது. குடிமங்கலம் பக்கம் வந்து நின்றவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் பார்த்தாலும் காத்தாடிதான் (காற்றாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற மேக்காத்து (மேற்குக் காற்று) பொள்ளாச்சியைத் தாண்டி நேராக எங்கள் மைதானத்துக்குத்தான் வருகிறதோ என்று தோன்றும்.

இன்று பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தி ஒரு கட்டைப்பை நிறைய வெள்ளை எலாஸ்டிக் பட்டை கொண்டுவந்தாள். அவளுடைய அம்மாவுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, மிச்சம் விழுந்ததாம். "கோட்டுக்குப் பதிலா இத ஆணி அடிச்சு இழுத்துக் கட்டீர்லாமுங்க மிஸ்" என்றாள். 24 மீட்டருக்கு 12 மீட்டர், சுற்றிலும் கட்டிவிட்டோம். இழுத்துவிட்டால் டங் என்று சத்தம் வேறு வருகிறது, ஆறாம் வகுப்புப் பொடுசுகள் நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தன.

ஜூலை 8

19 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தாச்சு. ஐந்து பேர் ஆட, ஐந்து பேர் வெளியே. சென்டர் ஆடும் பிள்ளைதான் கேப்டன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கம்பளி நூல் சுற்றிய அந்தப் பந்து 30 கிராமுக்கு மேல் போகாது. வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க கோர்ட்டை வடக்கு தெற்காகப் போட்டிருக்கிறோம், அதனால் மேக்காத்து குறுக்கே அடிக்கும். தெற்கே நின்று ஆடினால் இடது பக்கத்திலிருந்து, பக்கம் மாறினால் வலது பக்கத்திலிருந்து. கிழக்கோரத்துக் கோட்டில் பந்து விழ வேண்டுமென்றால் ரெண்டு அடி மேற்கே பார்த்து அடிக்க வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை, ஆறாம் வகுப்பிலிருந்தே இந்த மைதானத்தில் ஆடி அவர்களுக்குக் கை தானாகத் திரும்புகிறது. ஒரே தொல்லை, பேட்டில் கட் (நரம்பு) அடிக்கடி அறுந்துவிடுகிறது, கட் போட உடுமலைக்குத்தான் ஓட வேண்டும்.

ஜூலை 30

குறுவட்டப் போட்டி முடிந்தது. பூப்பந்தில் முதலிடம்! இறுதி ஆட்டத்தில் 35-21, 35-17. எதிர் அணி டவுன் பிள்ளைகள், ஆட்டம் நம்மைவிட நல்ல ஆட்டம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் சர்வீஸ் போடும்போதெல்லாம் பந்து கிழக்கே ஓடியது, அதைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பேக் (பின்வரிசை) ஆடும் பிள்ளை ஒருத்தி ஒரு பந்தை வேலிப்பக்கமாக வானத்தைப் பார்த்து அடித்தாள், வெளியேதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், அது வளைந்து வந்து கோட்டுக்குள் பொத்தென்று விழுந்தது. நடுவரே சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 3

ஆடி 18. பிள்ளைகள் தூரி (ஊஞ்சல்) ஆடப் போயாச்சு, பயிற்சி இல்லை. மற்ற கணக்கையும் எழுதிவிடுகிறேன். பையன்கள் கபடி முதல் சுற்றிலேயே அவுட், 28-31. கடைசி மூன்று நிமிடத்தில் லோனா (மொத்த டீமும் அவுட்) வாங்கினால் வேறென்ன ஆகும்? வளையப்பந்து இரட்டையரில் ரெண்டாமிடம். 800 மீட்டரில் ஒன்பதாம் வகுப்புப் பையன் முதலிடம், ஷூ இல்லாமல் ஓடினான். கோ-கோவைப் பற்றி எழுத விருப்பமில்லை.

செப்டம்பர் 4

திருப்பூரில் வருவாய் மாவட்டப் போட்டி. எங்கள் ஜெர்சி ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன டீசர்ட், முதுகில் நம்பர் மட்டும் அடித்தது. ஒருத்திக்குக் கை நீளம், ஒருத்திக்குக் கழுத்து கோணல். அரையிறுதி 35-30, 29-35, 35-33. மூன்றாவது ஆட்டத்தில் நான் உட்காரவே இல்லை. கேப்டனுடைய அப்பாரு (தாத்தா) வெள்ளை வேட்டியோடு வந்து கோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், ஒவ்வொரு பாயிண்டுக்கும் "அடி சாமி, அடி" என்று ஒரே குரல். இறுதியில் அவ்வளவு சிரமமில்லை, 35-24, 35-26. மாநிலப் போட்டிக்குப் போகிறோம். திரும்பி வரும்போது பல்லடத்தில் எல்லோருக்கும் புரோட்டா, செலவு என்னுடையது, வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 21

காலாண்டுத் தேர்வு, விடுமுறை, அப்புறம் மழை. காத்தாடிகள் சும்மா நிற்கின்றன. பயிற்சியில் பந்து அடிக்கடி மேற்கோரத்தில் வெளியே போகிறது. "லீவுல சோம்பேறி ஆயிட்டீங்க" என்று திட்டி ரெண்டு ரவுண்டு ஓடவிட்டேன்.

டிசம்பர் 9

காவிரிக்கரை ஊர் ஒன்றில் மாநிலப் போட்டி, அதுவும் இண்டோர். 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் இது, அந்தச் சீமைக்கு வந்து ஆடுகிறோம் என்று பஸ்ஸில் பெருமையடித்துக்கொண்டு போனேன்.

18-35, 27-35. முதல் சுற்றிலேயே.

உள்ளே ஒரு நூல்கூட அசையவில்லை. முதல் ஆட்டத்தில் ஒன்பது பந்து ஒரே மாதிரி இடதுகோட்டுக்கு வெளியே விழுந்தது, ஒவ்வொன்றும் ரெண்டு அடி. பக்கம் மாறினார்கள், இப்போது வலதுகோட்டுக்கு வெளியே அதே ரெண்டு அடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லாத காத்துக்குப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபரில் ஓடவிட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சோம்பேறித்தனம் அவர்களுடையதல்ல. ரெண்டாவது ஆட்டத்தின் பாதியில் கேப்டன் தானே கண்டுபிடித்து நேராக அடிக்கத் தொடங்கினாள், அதனால்தான் 27 வந்தது. "கை கேக்க மாட்டேங்குதுங்க மிஸ்" என்றாள், அழவில்லை.

டிசம்பர் 16

கேப்டனின் அப்பாரு கூப்பிட்டனுப்பினார். தோட்டத்தில் கொப்பரை போடும் குடோன் ஒன்று, மார்கழி முழுக்கக் காலியாம். நானும் அவளும் போய் எலாஸ்டிக் பட்டையை வைத்தே அளந்தோம், இழுத்தால் நீள்கிறது என்பது பாதி அளந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, ரெண்டு பேரும் சிரித்துவிட்டு அப்பாருவிடம் கயிறு வாங்கி மறுபடி அளந்தோம். முழு கோர்ட்டுக்கு இடம் போதாது, ஒரு பக்கம் மட்டும் தாராளமாக வரும். கூரை உயரம் கொஞ்சம் இடிக்கிறது. மேற்குச் சன்னல் ரெண்டையும் சாக்கு வைத்து அடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.